ருக்மிணி ஏறிய ராக்கெட்: பாதுகாப்புச் செயற்கைக்கோள்களும் ஏவுகலக் கொள்முதலும்

(அந்தமான் தீவின் பெரார்கஞ்சில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2013 ஆகஸ்ட் 19. ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-டி5 புறப்படத் தயாராக நின்றது. கவுண்ட்டவுன் முடிய இன்னும் 1 மணி 14 நிமிடம் இருந்தபோது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. ஏவுதலை நிறுத்திவிட்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நிறுத்துவதற்கும் ஒரு துணிவு வேண்டும். பிறகு ஆராய்ந்தபோது அந்த அடுக்கின் எரிபொருள் கலனைச் செய்த அலுமினியக் கலவையே நாளடைவில் விரிசல் விடக்கூடியது என்று தெரியவந்தது. வேறு கலவையில் புதுக் கலன் செய்து, 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவினார்கள்.

கசிவு தெரிந்து பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அதிகாலை நம் நேரப்படி 2 மணிக்கு, தென் அமெரிக்காவின் வடகரையில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட் கிளம்பியது. அதற்குள் இரண்டு செயற்கைக்கோள்கள். ஒன்று, ஐரோப்பிய நிறுவனம் ஒன்றும் கத்தார் நாடும் பங்குபோட்டு வாங்கிய தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். மற்றொன்று ஜிசாட்-7, இந்தியக் கடற்படைக்கென்றே செய்யப்பட்ட முதல் செயற்கைக்கோள். கடற்படையினர் அதை ருக்மிணி என்று அழைக்கிறார்கள்.

ருக்மிணியைச் செய்து முடிக்க ஆன செலவு 185 கோடி ரூபாய். அதை ஏற்றிவிடுவதற்கான கட்டணமும் காப்பீடும் சேர்த்து ஏறத்தாழ 470 கோடி. அதாவது செயற்கைக்கோளின் விலையைப் போல இரண்டரை மடங்கு. அன்றைக்கு வேறு வழி இல்லை. ருக்மிணியின் எடை 2,600 கிலோவுக்கு மேல். நம் ஜிஎஸ்எல்வியால் அவ்வளவு எடையைத் தூக்க முடியாது. போதாததற்கு, 2010 ஏப்ரலிலும் டிசம்பரிலும் அது அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றிருந்தது.

ஏன் தூக்க முடியவில்லை என்று கேட்டால் கதை 1991க்குப் போகும். அந்த ஆண்டு சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு, அதிக எடை தூக்கத் தேவையான கிரையோஜெனிக் எஞ்சினையும் அதன் தொழில்நுட்பத்தையும் வாங்க ஒப்பந்தம் போட்டோம். 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கி, அடுக்குகளை மட்டும் தருகிறோம், தொழில்நுட்பம் கிடையாது என்றது. அதன் பிறகு திருநெல்வேலிக்குத் தெற்கே மகேந்திரகிரி மலையடிவாரத்தில் நம் பொறியாளர்கள் அந்த எஞ்சினைத் தாங்களே செய்து முடிக்க இருபது ஆண்டு ஆயிற்று. 1993இல் கேட்ட மறுப்புக்கு 2013இல் கூரூவில் பணம் கட்டினோம்.

நான் பணிபுரிந்த காலமெல்லாம் அரசுக் கொள்முதல் கோப்புகளோடு கழிந்தது. ராக்கெட்டைப் பற்றி இன்று பேசுவதும் அந்த மேசையிலிருந்துதான். அரசு அலுவலகத்தில் ஒரு பொருள் வாங்கும் முறை இங்கே பலருக்குத் தெரிந்ததே. தேவைப்படுபவர் இண்டெண்ட் போடுவார். டெண்டர் விடப்படும். தொழில்நுட்ப உறையை முதலில் பிரிப்பார்கள். தேறியவர்களின் விலை உறையைப் பிறகு பிரிப்பார்கள். குறைந்த விலை சொன்னவர் எல்-1. ஆர்டர் அவருக்கு. சரக்கு வந்ததும் இன்ஸ்பெக்‌ஷன். தாமதமானால் எல்.டி. என்ற இழப்பீட்டுப் பிடித்தம். இந்த முறையில் குறைகள் ஏராளம். ஆனாலும் இதன் அடியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விற்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர், சரக்கைச் சோதித்துப் பார்த்து ஏற்பவர் மூன்றாமவர்.

தேசப் பாதுகாப்புக்கான செயற்கைக்கோளை ஏற்றிவிடும் வேலையை வாங்கும்போது எல்-1 முறை போதாது. தீவில் வாழும் உங்களுக்கு இதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. டிரங்க் ரோட்டோரம் வீடு கட்டுகிறவருக்குச் சிமெண்டும் கம்பியும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கூலி எவ்வளவு என்பது அவருடைய ஒரு கேள்விதான். கப்பல் எந்தத் தேதிக்கு வரும், நம் சரக்குக்கு அதில் இடம் உறுதியா, கடைசி நேரத்தில் வேறு யாருக்காகவோ இறக்கி வைத்துவிடுவார்களா? மழைக்கு முன் கூரை போட நினைப்பவருக்கு இவைதான் பெரிய கேள்விகள். ஏவுதலை வாங்கும் அரசும் உண்மையில் தேதியையும் இடத்தையும் உறுதியையும்தான் வாங்குகிறது.

அந்த உறுதி ஒரே நாளில் கைநழுவிப் போனதை 2022 மார்ச்சில் உலகம் பார்த்தது. பிரிட்டன் அரசுக்கும் பாரதி குழுமத்துக்கும் பங்குள்ள ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் சோயுஸ் ராக்கெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. உக்ரைன் போர் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. இவை ராணுவத்துக்குப் பயன்படாது என்று எழுதிக் கொடுங்கள், பிரிட்டன் அரசு தன் பங்கை விற்றாக வேண்டும் என்று ரஷ்யா நிபந்தனை போட்டது. பிரிட்டன் மறுத்தது. ராக்கெட்டை இறக்கிவிட்டார்கள். அந்த 36 செயற்கைக்கோள்களும் அங்கேயே சிக்கிக்கொண்டன. ஒன்வெப் பிறகு நம்மிடம் வந்தது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் எல்விஎம்-3 ராக்கெட் 72 செயற்கைக்கோள்களை ஏற்றிக் கொடுத்தது. நமக்கு நல்ல பெயர், நல்ல வருமானம். ஆனால் ராக்கெட்டின் நுனியில் உட்கார்ந்த பிறகும் செயற்கைக்கோளை இறக்கிவிட முடியும் என்ற செய்தி, வருமானக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது.

பிரான்சுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. சிஎஸ்ஓ-3 என்ற ராணுவ உளவுச் செயற்கைக்கோள் கூரூவிலிருந்தே சோயுஸில் போக வேண்டியிருந்தது. போர் வந்ததும் ரஷ்யர்கள் கூரூவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஏரியான்-5 ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தது. ஏரியான்-6 இன்னும் தயாராகவில்லை. சொந்த மண்ணில் ஏவுதளம் வைத்திருக்கும் நாடு, செய்து முடித்த உளவுச் செயற்கைக்கோளை வைத்துக்கொண்டு 2025 மார்ச் 6 வரை காத்திருந்தது. ஜெர்மனியின் ராணுவ ரேடார் செயற்கைக்கோள்களான சார்-லூப்பே ஐந்தும் 2006க்கும் 2008க்கும் இடையில் ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கிலிருந்துதான் ஏவப்பட்டன என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு அவர்கள் அமெரிக்காவின் பால்கன்-9ஐ நாடினார்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்கா அடிபட்டுக் கற்றது. 1980களில் எல்லாவற்றையும் விண்வெளி ஓடத்திலேயே ஏற்றிவிடலாம் என்று திட்டமிட்டார்கள். 1985 ஆகஸ்டில் ஒரு டைட்டன் ராக்கெட் உளவுச் செயற்கைக்கோளோடு அழிந்தது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் ஏழு உயிர்களோடு வெடித்தது. ஏப்ரலில் இன்னொரு டைட்டன். ஓடம் மறுபடி பறக்க 1988 செப்டம்பர் ஆனது. தேசப் பாதுகாப்புச் சுமைகளுக்குக் குறைந்தது இரண்டு வெவ்வேறு ஏவுகல வகைகள் எப்போதும் இருக்க வேண்டும் என்று அவர்கள் பின்னாளில் சட்டத்திலேயே எழுதியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

எழுதிய பிறகும் சறுக்கல் நின்றுவிடவில்லை. போயிங்கும் லாக்ஹீட் மார்ட்டினும் 2006இல் கூட்டாகி யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸ் ஆனார்கள். காகிதத்தில் இரண்டு ராக்கெட், கடை ஒன்று. விலை ஏறியது. அந்த இரண்டில் ஒன்றான அட்லஸ்-5 ரஷ்ய எஞ்சினில் ஓடியது. 2014இல் கிரிமியா விவகாரம் வெடித்ததும்தான் அதன் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அந்தக் கூட்டு நிறுவனத்துக்கு விமானப்படை போட்டியின்றி மொத்தமாக ஆர்டர் கொடுத்தது தவறு என்று ஸ்பேஸ்எக்ஸ் நீதிமன்றம் போனது. 2015 மே மாதம் விமானப்படை ஸ்பேஸ்எக்ஸின் பால்கன்-9க்குத் தகுதிச் சான்று கொடுத்தது. 2016இல் ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளை 8.27 கோடி டாலருக்கு ஏவிக் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்பந்தம் பெற்றது. 2025 ஏப்ரலில் அமெரிக்க விண்வெளிப் படை கொடுத்த ஆர்டரைப் பாருங்கள்: மொத்தம் 54 ஏவுதல்கள், 1,370 கோடி டாலர். ஸ்பேஸ்எக்ஸுக்கு 28, யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸுக்கு 19, புளூ ஆரிஜினுக்கு 7. குறைந்த விலைக்காரருக்கே முழுவதையும் அவர்கள் கொடுத்துவிடவில்லை. இரண்டாமவரும் மூன்றாமவரும் உயிரோடு இருப்பதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்கள்.

இதில் நம் கவனத்துக்குரியது தொகை அன்று, தகுதிச் சான்று என்ற அந்த ஏற்பாடு. ராக்கெட் செய்கிறவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. வாங்குகிற படையின் பொறியாளர்கள் வரைபடங்களைப் பார்ப்பார்கள், பறந்த தரவுகளைக் கேட்பார்கள், தொழிற்சாலைக்குள் போவார்கள், திருப்தி இல்லையென்றால் மறுப்பார்கள். சான்று பெற்ற ராக்கெட் தோற்காது என்பதில்லை. பால்கன்-9 சான்று பெற்ற அடுத்த மாதமே வெடித்தது. ஆனால் தோற்றால் விளக்கம் கேட்க உரிமையுள்ள ஒருவர் எதிர்ப்பக்கம் இருக்கிறார்.

நம் நாட்டில் அந்த எதிர்ப்பக்கம் யார்?

செயற்கைக்கோளை இஸ்ரோ செய்கிறது. ராக்கெட்டை இஸ்ரோ செய்கிறது. ஏவுதளம் இஸ்ரோவுடையது. ஏவலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் தோற்றால் ஆராய்வதும் அங்கேதான். கடற்படைக்கோ ராணுவத்துக்கோ செயற்கைக்கோள் வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சகம் நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. 2019இல் தொடங்கிய அந்த நிறுவனமும் விண்வெளித் துறையின் கீழ்தான். இப்படி அமைந்ததற்கு நியாயம் உண்டு. உலகம் தர மறுத்ததை எல்லாம் ஒரே கூரையின் கீழ் செய்துகொண்டதால்தான் ஒரு ஏழை நாடு இந்த உயரத்துக்கு வந்தது. 2001 அக்டோபரில் டிஇஎஸ், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009 ஏப்ரலில் ரிசாட்-2, 2019 ஏப்ரலில் எமிசாட் என்று நாட்டின் கண்ணும் காதுமானவற்றையெல்லாம் பிஎஸ்எல்வியே சுமந்தது. அந்த ராக்கெட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனாலேயே அடுத்துச் சொல்லப்போவதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

2025 மே 18, காலை 5.59. ஆபரேஷன் சிந்தூர் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோளான இஓஎஸ்-09ஐ, 1,696 கிலோ எடையோடு, பிஎஸ்எல்வி-சி61 ஏந்திப் போனது. முதல் அடுக்கு சரி, இரண்டாம் அடுக்கு சரி. திட எரிபொருள் அடைத்த மூன்றாம் அடுக்கு எரிந்துகொண்டிருந்தபோது அதன் உள்ளழுத்தம் விழுந்தது. செயற்கைக்கோள் போயிற்று. எட்டு மாதம் கழித்து, 2026 ஜனவரி 12 அன்று, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்காகச் செய்த அன்வேஷாவையும் அதோடு வேறு சிறு செயற்கைக்கோள்களையும் பிஎஸ்எல்வி-சி62 ஏந்திப் போனது. மறுபடியும் மூன்றாம் அடுக்கிலேயே கோளாறு. அவையும் போயின.

ராக்கெட் தோற்பது இழுக்கில்லை. அந்தத் துறையில் தோற்காதவர் யாருமில்லை. என்னை உறுத்துவது வேறு. 2021இல் ஜிஎஸ்எல்வி-எப்10 தோற்றபோது ஹைட்ரஜன் கலனின் அழுத்தம் குறைந்ததற்கு ஒரு வால்வின் கசிவே காரணம் என்று இஸ்ரோ வெளிப்படையாகச் சொன்னது. 2022இல் எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம் தோற்றபோது வினாடிக் கணக்கில் விளக்கம் வந்தது. அப்படிப்பட்ட நல்ல மரபு உள்ள நிறுவனத்தில், சி61 ஆய்வறிக்கை பொதுவெளிக்கு வராமலே சி62 புறப்பட்டது. தோல்விக்கான காரணம் கையில் வராமல் அடுத்த சரக்கை ஏற்ற மாட்டேன் என்று சொல்லக்கூடிய வாங்குபவர் ஒருவர் இருந்திருந்தால், அந்த அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் கேட்டு வாங்கியிருப்பார். ருக்மிணி கூரூவுக்குப் போனபோது காப்பீட்டு நிறுவனமாவது கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தது. சொந்த ராக்கெட்டில் அரசுச் செயற்கைக்கோள் போகும்போது பொதுவாகக் காப்பீடும் எடுப்பதில்லை. ஆக, வெளியிலிருந்து கேட்க ஒருவரும் இல்லை.

ரகசியம் காக்க வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செயற்கைக்கோளில் என்ன கருவி, எவ்வளவு துல்லியம், யாரைப் பார்க்கிறது என்பவை ரகசியமாகவே இருக்கட்டும். மூன்றாம் அடுக்கின் மோட்டார் ஏன் அழுத்தம் இழந்தது என்பதை மறைப்பதால் எதிரிக்கு நட்டமில்லை. நாளை அதே மோட்டாரை நம்பித் தன் செயற்கைக்கோளை ஏற்றப்போகிற நம் படைக்குத்தான் நட்டம்.

பெரார்கஞ்சில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே போகும் ஜிஎஸ்எல்வியை அங்கிருந்து பார்க்க முடியாமல் போகும்போது, 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் இந்தத் தீவில் உள்ள தடமறி நிலையம்தான் அதன் குரலைப் பிடிக்கிறது. அதன் பிறகுதான் புருனேயும் இந்தோனேசியாவின் பியாக்கும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேரும்வரை இந்தத் தீவுகளின் தொலைபேசியும் இணையமும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தன. ஒரு பக்கம் திறக்க எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். 2001இல் முப்படைகளுக்கும் பொதுவான முதல் தலைமையகம் இங்கேதான் அமைந்தது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கேம்பல் பே வரை நீளும் தளங்களும் மலாக்கா நோக்கிச் செல்லும் கப்பல் பாதையைக் கண்காணிக்கும் கப்பல்களும் விமானங்களும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் ருக்மிணி போன்ற ஒன்று மேலே இருந்தாக வேண்டும். 2014இல் வங்கக் கடலில் நடந்த கடற்படையின் டிரோபெக்ஸ் பயிற்சியில் சுமார் 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் ருக்மிணி இணைத்துக் காட்டியது. அதன் இடத்தை நிரப்ப வந்த 4,410 கிலோ எடையுள்ள ஜிசாட்-7ஆர், 2025 நவம்பர் 2 அன்று நம் மண்ணிலிருந்தே எல்விஎம்-3இல் போனது. பன்னிரண்டு ஆண்டில் கூரூவிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்துவிட்டோம் என்பதில் நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் தூக்கும் திறனில் உள்ள இடைவெளி அடைபடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2023 மார்ச்சில் ராணுவத்துக்கான ஜிசாட்-7பிக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2,963 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. அது ஐந்து டன் வகையைச் சேர்ந்தது. புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போகும் வழியில் எல்விஎம்-3 இதுவரை தூக்கிய உச்ச எடை அந்த 4,410 கிலோதான். 2025 டிசம்பரில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஆறு டன் செயற்கைக்கோளை அது தூக்கியதே என்று மாணவர்கள் கேட்கலாம். அது பூமிக்கு அருகிலுள்ள பாதை. உயரத்துக்குப் போகப் போகத் தூக்கும் எடை குறையும். 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2ஐ 2024 நவம்பரில் பால்கன்-9இல்தான் அனுப்பினோம். இந்தத் தீவுகளுக்கும் அகன்ற அலைவரிசை தருவதற்கான சிவிலியன் செயற்கைக்கோள் அது. அதற்கு வெளி ராக்கெட்டை அமர்த்தியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராணுவத்தின் ஐந்து டன்னுக்கும் அதே வழி என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவோம் என்பதே கேள்வி. மகேந்திரகிரியில் சோதனையில் இருக்கும் செமி-கிரையோ எஞ்சின் வந்துவிட்டால் எல்விஎம்-3இன் தூக்கும் திறன் ஐந்து டன்னைத் தாண்டும். அதுவரை காத்திருப்பதா, வெளியே வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியவர், அந்த எஞ்சினைச் செய்கிறவராகவே இருக்கக்கூடாது.

எண்ணிக்கையும் பெருகப்போகிறது. மூன்றாம் கட்ட விண்வெளிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது: 52 செயற்கைக்கோள்கள், சுமார் 27,000 கோடி ரூபாய். அவற்றில் 31ஐத் தனியார் நிறுவனங்கள் செய்யும். 2024இலும் 2025இலும் நாம் ஆண்டுக்கு ஐந்து முறைதான் ஏவினோம். இந்த வேகத்தில் 52 எப்போது மேலே போகும்? எச்ஏஎல்-எல்&டி கூட்டமைப்பிடம் ஐந்து பிஎஸ்எல்விக்கு 2022இல் 860 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. எஸ்எஸ்எல்வி எச்ஏஎல் கைக்குப் போகிறது. சென்னையின் அக்னிகுலும் ஐதராபாத்தின் ஸ்கைரூட்டும் சோதனைப் பயணங்களை முடித்துவிட்டன. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் வந்தால், இலங்கையைச் சுற்றி வளைந்து போகும் எரிபொருள் விரயம் சிறு ராக்கெட்டுகளுக்கு மிச்சம். பெரியவற்றுக்கு அப்போதும் ஸ்ரீஹரிகோட்டா ஒன்றுதான்.

விற்பவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். வாங்குபவரை இப்போதே அமர்த்த வேண்டும். 2019இல் அமைந்த பாதுகாப்பு விண்வெளி முகமைக்குள்ளோ அதையொட்டியோ, ஏவுகலத்தைச் சோதித்துச் சான்று தரவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள ஒரு சிறு பொறியாளர் குழு போதும். இஸ்ரோவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களே அதற்குப் பொருத்தமானவர்கள். அவர்களுக்குத் தெரியாத வால்வு கிடையாது. இஸ்ரோவின் ராக்கெட் ஆனாலும் எச்ஏஎல் ராக்கெட் ஆனாலும் அயல்நாட்டு ராக்கெட் ஆனாலும் கேள்வித்தாள் ஒன்றே. ஒவ்வொரு எடை வகைக்கும் மாற்று ராக்கெட் எது என்று அந்தக் குழு ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும். மாற்று இல்லாத வகைக்கு, இல்லை என்றே எழுத வேண்டும். ஆண்டுக்கு ஐந்து ஏவுதல் செய்யும் நாட்டுக்கு இரண்டாவது விற்பனையாளரைக் காப்பாற்றுவது செலவுதான். எல்-1க்கு மேல் கொடுக்கும் அந்தத் தொகைக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வரும் என்று அதிகாரிகள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் எனக்குத் தெரியும். அதனால்தான் அதை விதியாகவே எழுதிவிட வேண்டும் என்கிறேன். விதியில் இருப்பதை எந்தத் தணிக்கையாளரும் குறையாக எழுத மாட்டார்.

இந்தத் தீவுகளுக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவர் கேட்டால் துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த அவையிலிருந்து ஒரு மனு போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சி61, சி62 ஆய்வறிக்கைகளின் சுருக்கம், அடுத்த பிஎஸ்எல்வி பாதுகாப்புச் செயற்கைக்கோள் எதையும் ஏற்றுவதற்கு முன் வெளிவருமா? ஜிசாட்-7பி எந்த ராக்கெட்டில் போகும், அந்த ராக்கெட் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் அதிகாரி எந்தத் துறையைச் சேர்ந்தவர்? மனுவை எழுத மாணவர்கள் யாரேனும் முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.